முதலில் வந்த பதில்

அவள் தன் இன்ஸ்டால் சர்வரை நிறுத்தி வைத்திருந்தாள். அப்படியும் ரேக்கின் அடித்தட்டில் இருந்த சர்வருக்குப் பதில் போய்விட்டது.

பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. காலையிலிருந்து உயிரை வாங்கிக்கொண்டிருக்கும் மெஷின் இப்போது புதிதாக ஒரு வித்தை காட்டுகிறது என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பும் தோளில் பழைய ஸ்வெட்டருமாக அவள் அந்த சர்வரில் மாட்டியிருந்த சின்னத் திரையை முறைத்தாள். முகவரி கிடைத்துவிட்டது என்றது திரை. எங்கிருந்து கிடைத்தது? கொடுக்க வேண்டியவள் இங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறாளே.

வேலை என்னவோ சொல்வதற்குச் சுலபமானதுதான். புதிதாக வாங்கிய யூனிக்ஸ் சர்வருக்குள் ஒன்றுமே இருக்காது. மின்சாரம் கொடுத்ததும் கண் விழிக்கும், ஆனால் தான் யார், தன் பெயர் என்ன, தனக்கு என்ன வேலை என்று எதுவும் தெரியாது. அதனால் நெட்வொர்க் கேபிளுக்குள் பொதுவாக ஒரு சத்தம் போடும்: நான் யார்? அந்தச் சத்தத்துக்காகவே அவள் லேப்டாப்பில் காத்திருக்கும் இன்ஸ்டால் சர்வர், உன் முகவரி இது, உன் பெயர் இது, இந்தா உனக்கான ஃபைல்கள் என்று பதில் சொல்லும். புது சர்வர் அதை அப்படியே நம்பி, தன் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் துடைத்து அழித்துவிட்டு, சொன்னபடி தன்னைக் கட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டியதில்லை. ‘அழிக்கட்டுமா?’ என்று நடுவில் ஒரு கேள்வி வரும், அதையும் கேட்காதே என்று அவளே நிறுத்தி வைத்திருந்தாள். ஒவ்வொரு மெஷின் முன்னாலும் உட்கார்ந்து ஆமாம், ஆமாம் என்று தட்டிக்கொண்டிருக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

இதில் ஒரே ஒரு சிக்கல் உண்டு. கேட்கிற மெஷின் முதலில் வரும் பதிலைத்தான் நம்பும். சொன்னது யார் என்று திருப்பிக் கேட்கிற பழக்கம் அதற்குக் கிடையாது. இரண்டாவதாக வரும் பதில் எவ்வளவு சரியாக இருந்தாலும் காதில் போட்டுக்கொள்ளாது. அதனால்தான் இந்த வேலையைக் கேபிள்களை இணைக்கும் தனி சுவிட்ச் பெட்டியில், வேறு எதோடும் ஒட்டாமல் செய்ய வேண்டும் என்பது. அவளுடைய பழைய அலுவலகத்தில் ஒருவன் சோம்பல்பட்டு இரண்டு நெட்வொர்க்கையும் சேர்த்து விட்டான். கணக்குப் பிரிவில் யாரோ தன் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்கள், அது எழுந்து நான் யார் என்று கேட்டது, அடுத்த அறையிலிருந்து இன்ஸ்டால் சர்வர் பதில் சொன்னது. அந்த மனிதர் காபி குடித்துவிட்டு வருவதற்குள் அவருடைய மொத்த வேலையும் துடைக்கப்பட்டுப் போயிருந்தது. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஜன்னலே இல்லாத இந்த சர்வர் அறைக்குள் வெயிலும் கிடையாது, மழையும் கிடையாது. குளிர்காற்று தரையின் ஓட்டைகள் வழியாக மேலே வந்து பாதத்தை விறைக்க வைத்தது. நூற்றுக்கணக்கான விசிறிகள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தன. சற்று நேரம் இருந்தால் அந்த இரைச்சல் காதுக்குத் தெரியாமல் போய், அதற்கு அடியில் வேறு ஏதோ மெதுவாகப் பேசுவதுபோல் தோன்ற ஆரம்பிக்கும். புது அட்டைப்பெட்டியின் வாசனையும், சூடான பிளாஸ்டிக்கின் வாசனையும், எங்கோ ஓரத்தில் பழைய தூசி கருகும் வாசனையும் கலந்து மூக்கில் ஒட்டிக்கொண்டிருந்தன. விளக்குகளுக்கு ஆள் அசைவது தெரிய வேண்டும், தெரியாவிட்டால் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று அவை அணைந்துவிடும். அதனால் அவள் அவ்வப்போது ஒரு கையைத் தூக்கி, யாருக்கோ டாட்டா காட்டுவதுபோல் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

ஆட்டிய கையில் சிவப்பு ரப்பர் பேண்ட் ஒன்று இருந்தது. தலைமுடி கட்டுகிற சின்ன பேண்ட். மகள் காலையில் மாட்டிவிட்டது.

குட்டிக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகிறது. இன்னும் முகம் தெளியவில்லை. “இதப் பாக்கும்போதெல்லாம் என்ன நெனச்சுக்கோ. மறந்துட்டு அங்கேயே இருந்துடாத” என்று மணிக்கட்டில் மாட்டிவிட்டாள். ஆறு வயதுக்கு அதிகமான வாய். நான் மதியம் தூங்கி எழுவதற்குள் வந்துவிட வேண்டும் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள். அதற்குக் காரணம் இருந்தது. குட்டி தூங்கி எழும்போது கண்ணைத் திறக்கமாட்டாள். மூடிய கண்ணோடே ‘அம்மா’ என்று ஒரு குரல் கொடுப்பாள். பக்கத்திலிருந்து அம்மாவின் பதில் வந்தால்தான் கண் திறக்கும். அப்பா பதில் சொன்னால் வீடு இரண்டாகிவிடும். ஒருநாள் விளையாட்டாக அவர் தன் குரலை மெல்லியதாக்கி ‘என்னடா கண்ணா’ என்று சொல்லிப் பார்த்தார், அன்றைக்கு முழுவதும் அவரைக் கிட்டே சேர்க்கவில்லை.

“உன் மெஷினுங்களாவது யாரு பதில் சொன்னாலும் கேக்குது. உன் பொண்ணு கேக்க மாட்டேங்குறா” என்று கணவர் அடிக்கடி சொல்வார். அவருக்கு இன்று மாலை ஷிஃப்ட். ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் அவள் வீட்டில் இருந்தாக வேண்டும்.

இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ரேக்கின் மேல்தட்டிலிருந்து வரிசையாக எல்லா சர்வர்களும் சமர்த்தாக முடிந்துவிட்டன, சாப்பாடு போட்டதும் தூங்கிவிடுகிற பிள்ளைகளைப்போல. அடித்தட்டில் இருந்த இது ஒன்றுதான் தகராறு. கேள்வி கேட்கும், அவளுடைய சர்வர் பதில் சொல்லும், ஆனால் அதற்குள் வேறு எங்கிருந்தோ வந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டு இது ஏதோ ஒரு முகவரியோடு நட்டாற்றில் நின்றுவிடும். கேபிளை மாற்றினாள். சுவிட்ச்சில் வேறு ஓட்டையில் செருகினாள். நெட்வொர்க் கார்டையே கழற்றி மாட்டினாள். மறுபடி மறுபடி அதே இடம். தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறை.

ஃபோன் அதிர்ந்தது. மேலாளர். அவருக்கு அவள் தனக்குள் வைத்திருந்த பெயர் பட்டன்.

“இன்னுமா முடியல?”

“கடைசி மெஷின் மட்டும் தகராறு பண்ணுது சார்.”

“ஒரு பட்டன் தட்டுற வேலைதானேம்மா? எல்லாம் ஆட்டோமேட்டிக்னு நீதானே சொன்னே?”

“ஆட்டோமேட்டிக்தான் சார். ஆட்டோமேட்டிக்கா தப்பாப் போகுது.”

“திங்கட்கிழமை காலைல ஓடணும். ஏற்கெனவே குழந்தைக்கு ஜுரம்னு ஒரு வாரம் லீவு எடுத்துட்டே. நான் மேல என்ன பதில் சொல்றது? முடிச்சிட்டுக் கிளம்பு.”

வைத்துவிட்டார். அவள் ஃபோனைப் பார்த்து வாய்க்குள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

சரி, பார்த்துவிடுவோம் என்று கேபிளில் போகிற வருகிற ஒவ்வொன்றையும் வரிவரியாகக் காட்டும் கருவியை லேப்டாப்பில் ஓடவிட்டாள். எந்த மெஷின் எப்போது என்ன கேட்டது, யார் பதில் சொன்னார்கள், எல்லாம் அதில் அகப்பட்டுவிடும். அடித்தட்டு சர்வரை அணைத்துப் போட்டாள். விசிறி ஓலமிட்டு எழுந்தது. திரையில் வரிகள் விழுந்தன.

மேல் வரியில் பதில் இருந்தது. அதற்குக் கீழே கேள்வி இருந்தது.

அவள் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். கடிகாரம் தப்பாக இருக்கும். மறுபடி அணைத்துப் போட்டாள். முதலில் பதில், பிறகுதான் கேள்வி. நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம். பதில் அனுப்பியவரின் முகவரி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அவளுடைய இன்ஸ்டால் சர்வர் இன்னும் நிறுத்தித்தான் கிடந்தது. மேலே முடிந்துபோன சர்வர்களின் கேபிள்களையெல்லாம் ஒவ்வொன்றாக உருவினாள். சுவிட்ச்சில் இப்போது அவளுடைய லேப்டாப், அடித்தட்டு சர்வர், அவ்வளவுதான். மறுபடி அணைத்துப் போட்டாள்.

பதில். பிறகு கேள்வி.

“ஏய், விளையாடறியா?” என்றாள் சத்தமாக. தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. தூசி கருகும் வாசனை சற்று அதிகமாகியிருந்தது, அதில் இப்போது வேறு ஒன்றும் கலந்திருந்தது. தெரிந்த வாசனை. குட்டியின் தலையில் தடவுகிற எண்ணெயின் வாசனை. தன் ஸ்வெட்டரை முகர்ந்து பார்த்தாள். ஸ்வெட்டரில் இல்லை.

ஒரு கீபோர்டை எடுத்து அடித்தட்டு சர்வரில் செருகினாள். கையாலேயே அணைத்து, கையாலேயே எல்லாம் செய்துவிடுவோம் என்று முடிவு. கட்டளையைத் தட்ட விரலை நீட்டினாள். அதன் திரையில் முதல் எழுத்து வந்துவிட்டது. விரல் இன்னும் பட்டனைத் தொடவில்லை.

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

மெதுவாக, அடுத்த எழுத்தை மனதில் நினைத்தாள். வந்தது. அதற்கடுத்தது. வந்தது. அவள் தட்டவிருந்த கட்டளை முழுவதும், அவள் வழக்கமாகச் செய்கிற அதே எழுத்துப்பிழையோடு, அதைத் திருத்தியபடியே, திரையில் ஓடி முடிந்தது.

கீபோர்டைப் பிடுங்கினாள். நெட்வொர்க் கேபிளையும் பிடுங்கினாள். கேபிளின் முனை கையில் இருந்தது, அதன் சின்னப் பிளாஸ்டிக் நாக்கு உள்ளங்கையில் குத்தியது. சர்வர் தானாக அணைந்து எழுந்தது. எதோடும் எந்தத் தொடர்பும் இல்லாமல், வெறும் இரும்புப் பெட்டியாக, அது தன் கேள்வியைக் கேட்பதற்கு முன்னாலேயே திரையில் வரி விழுந்தது.

முகவரி கிடைத்துவிட்டது.

விளக்கு அணைந்தது.

எவ்வளவு நேரமாக அசையாமல் இருந்தாளோ. கையைத் தூக்கி ஆட்டினாள். வரவில்லை. எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். இருட்டில் சர்வர்களின் பச்சைப் புள்ளிகள் மட்டும் சிமிட்டின. விசிறிகளின் இரைச்சல். அதற்கு அடியில் அந்த மெதுவான பேச்சு. மறுபடி கையை ஆட்டினாள். விளக்கு எரிந்தது. ஆனால் அவள் தலைக்கு மேலே இல்லை. அறையின் அந்தக் கோடியில், கடைசி வரிசைக்குப் பின்னால்.

அங்கே ஏதோ அசைந்திருந்தது.

யாரு என்று கேட்க வாயைத் திறந்தாள். சத்தம் இன்னும் தொண்டைக்கு வரவில்லை.

“நான்தான்” என்றது அவளுடைய குரல், அந்தக் கோடியிலிருந்து.

அவள் ஓடினாள். செருப்பை விட்டுவிட்டு, லேப்டாப்பை விட்டுவிட்டு, கதவைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடி, லிஃப்ட் பக்கத்திலிருந்த ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே வெயில். எதிர்க் கட்டிடத்தில் யாரோ துணி உலர்த்தியிருந்தார்கள். கீழே சாலையில் ஒருவர் வண்டியை ஸ்டார்ட் பண்ண முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார். உலகம் தன்பாட்டுக்கு இருந்தது. மூச்சு அடங்க வெகுநேரம் பிடித்தது. சுவரிலிருந்த ஃபோனை எடுத்துக் கீழே காவலாளியைக் கூப்பிட்டாள்.

“மேல வேற யாராவது வந்தாங்களா?”

“இல்லையே மேடம். உங்களத் தவிர யாரும் இல்ல. ஏன் மேடம், ஏதாவது வேணுமா?”

“ஒண்ணுமில்ல.”

ஒன்றுமில்லைதான். அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். காலையில் சரியாகச் சாப்பிடவில்லை, ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை, குளிர் வேறு. எதிரொலி. விளக்கு கோளாறு. ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, பைத்தியமா உனக்கு என்று கேட்டாள். அப்போதுதான் சுருக்கென்று அது ஞாபகம் வந்தது. வந்ததும் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

லேப்டாப்!

காலையில் வரும்போதே அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். மெஷின்கள் தானாக இன்ஸ்டால் ஆகிக்கொண்டிருக்கும்போது இங்கே ஏன் காவல் காக்க வேண்டும், குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாமே என்று, லேப்டாப் வழியாக இந்த மூடிய நெட்வொர்க்கையும் வீட்டு இன்டர்நெட்டையும் ஒன்றாக இணைத்துவிட்டிருந்தாள். வீட்டில் குட்டியின் அறையில், படுக்கைக்குப் பக்கத்து மேஜையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர்தான் அந்த முனை. அதையும் அணைக்காமல்தான் வந்திருந்தாள். மற்ற கேபிள்களை எல்லாம் உருவியவள் இந்த ஒன்றை மறந்தே போனாள். வேறு எவனாவது இதைச் செய்திருந்தால் அவனை ஒரு வழி பண்ணியிருப்பாள்.

அப்படியானால் எல்லாம் விளங்கிவிட்டது. வீட்டிலிருக்கும் இன்டர்நெட் பெட்டியும் கேட்கிற மெஷினுக்கெல்லாம் முகவரி கொடுக்கிற ஜாதிதான். அதுதான் வீட்டிலிருந்து இங்கே எட்டிப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. இதற்குப் போய் பேய் பிசாசு என்று ஓடிவந்தோமே என்று சிரிப்பு வந்தது. கேபிள் இல்லாமல் முகவரி வந்ததே என்று உள்ளே ஒன்று கேட்டது. பழைய வரியைப் பார்த்திருப்பாய், வாயை மூடு என்று அதை அடக்கினாள்.

திரும்பிப் போனாள். விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. கடைசி வரிசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். காலி அட்டைப்பெட்டிகள், ஒரு ஏணி. எண்ணெய் வாசனை போயிருந்தது. அந்த அடியிலிருந்த பேச்சும் இல்லை, விசிறிகள் மட்டும் வெறுமனே இரைந்தன. செருப்பைப் போட்டுக்கொண்டு லேப்டாப் முன் உட்கார்ந்து, வீட்டோடு இணைத்த இணைப்பைத் திறந்து பார்த்தாள்.

அதன் வழியாக ஏதோ போயிருந்தது. வீட்டிலிருந்து இங்கே இல்லை. இங்கிருந்து வீட்டுக்கு. ஒரு முழு சர்வரை இன்ஸ்டால் செய்தால் எவ்வளவு போகுமோ அவ்வளவு. அவள் தாழ்வாரத்தில் நின்றிருந்த நேரத்தில் போய், முடிந்தும் இருந்தது.

ஏதோ பேக்கப் ஓடியிருக்கும் என்று நினைத்தாள். நினைக்கப் பார்த்தாள். இணைப்பைத் துண்டித்தாள்.

அதன் பிறகு எல்லாம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயிற்று. கேபிளைச் செருகி, தன் இன்ஸ்டால் சர்வரை ஓடவிட்டு, அடித்தட்டு சர்வரை அணைத்துப் போட்டாள். கேள்வி வந்தது. பிறகு பதில் போனது, அவளுடைய பதில். டிஸ்க் துடைக்கப்பட்டது. ஃபைல்கள் வரிசையாக இறங்கின. காலையிலிருந்து கழுத்தை அறுத்த மெஷின் பால் குடிக்கிற பூனைபோல் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. கடைசியில் எழுந்து, அவள் வைத்த பெயரைச் சொல்லி, உள்ளே வரச் சொன்னது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்படி ஒரு நிம்மதி. ‘பட்டன் தட்டிட்டேன் சார்’ என்று மேலாளருக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு, சாமான்களைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டே கணவருக்கு ஃபோன் செய்தாள். ஐந்தாக இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

ஹார்ன் சத்தம் கேட்டது. அவர் சாலையில் இருந்தார்.

“என்னங்க, எங்க இருக்கீங்க?”

“பாதி வழியில. ஏன், என்ன மறந்துட்டேன்? சாப்பாட்டு டப்பாவா?”

“குட்டி எங்க?”

“குட்டி எங்கன்னா? உன்கிட்டதானே விட்டுட்டு வந்தேன்.”

“நான் இன்னும் ஆபீஸ்ல இருக்கேங்க.”

அவர் சிரித்தார். “ஆரம்பிச்சிட்டியா? நான் சட்டை மாட்டிக்கிட்டிருக்கும்போது குட்டி ரூம்ல சத்தம் கேட்டுச்சு. வந்துட்டியான்னு கேக்கலாம்னு வாயத் தொறந்தேன். நான் கேக்கறதுக்குள்ளயே, வந்துட்டேங்க, நீங்க கெளம்புங்க, நான் பாத்துக்கறேன்னு நீதானே சொன்னே.”

“என்னப் பாத்தீங்களா?”

“லைட் போடாம உக்காந்திருந்தே. குட்டி முழிச்சிடப் போறாளேன்னு நான் உள்ள வரல. ஏன், என்ன ஆச்சு? ஹலோ?”

அவள் ஓடிக்கொண்டிருந்தாள். படிக்கட்டு. கண்ணாடிக் கதவு. காவலாளி எதையோ கேட்டார். வண்டி. சாவி துவாரத்தில் நுழைய மறுத்தது. சாலையில் எல்லா சிக்னலும் அவளுக்காகவே சிவப்பானது. முன்னால் போன வேன்காரன் நகரவே இல்லை. தள்ளித் தொலையேன் என்று கத்தினாள். தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். இன்னும் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். கண் விழிக்கக்கூடாது. கூப்பிடக்கூடாது. நான் வருகிற வரைக்கும் மட்டும் கூப்பிடாதே, என் தங்கம், வாயைத் திறக்காதே.

கணவர் திரும்பத் திரும்பக் கூப்பிட, பையில் இருந்த ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தது.

வீட்டு வாசல். கதவு பூட்டியிருந்தது. உள்ளே சத்தம் இல்லை. சாவியைப் போட்டு மெதுவாகத் திருப்பினாள். கூடத்தில் மாலை வெயில் ஒரு துண்டு தரையில் கிடந்தது. மேஜையில் பாதி குடித்த காபி. அவருடைய வீட்டுச் செருப்பு. எல்லாம் அப்படி அப்படியே. எண்ணெய் வாசனை மட்டும் கூடத்திலேயே கனமாக நின்றது. அதற்கு அடியில், லேசாக, தூசி கருகும் வாசனை.

குட்டியின் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. திரைச்சீலையை யாரோ இழுத்து மூடியிருந்தார்கள். உள்ளே அந்தப் பழைய கம்ப்யூட்டரின் வெளிச்சம் மட்டும், நீலமாக. அதன் விசிறி இரைந்தது.

கட்டில் தெரிந்தது. போர்வைக்குள் சின்ன மேடு. அது புரண்டது. காலை நீட்டியது. எழுந்துவிட்டாள்.

அவள் ஓடினாள். கூடம் இவ்வளவு நீளமாக எப்போது ஆயிற்று?

அறை வாசலில் கால் வைத்தாள். போர்வை விலகியது. தூக்கம் கலையாத முகம். மூடிய கண்கள். சின்ன உதடுகள் பிரிந்தன, ஆனால் இன்னும் சத்தம் வரவில்லை.

“இதோ இங்கதான்டா இருக்கேன்” என்றது அவளுடைய குரல், கட்டிலின் அந்தப் பக்கத்து இருட்டிலிருந்து.

“அம்மா” என்றாள் குட்டி.

“குட்டி! அம்மா இங்க இருக்கேன்! இங்க பாரு!”

குழந்தை கண்ணைத் திறந்தாள். நேராக வாசலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்தில் கோபம் இல்லை, பயம் இல்லை, அடையாளமும் இல்லை. துடைத்து வைத்த முகம்.

இருட்டிலிருந்து ஒரு கை நீண்டு வந்து குழந்தையின் நெற்றியில் கலைந்திருந்த முடியை ஒதுக்கியது. அந்த மணிக்கட்டில் சிவப்பு ரப்பர் பேண்ட் இருந்தது.

அவள் தன் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். வெறும் தோல்.

“அம்மா” என்றாள் குட்டி, அந்தப் பக்கம் நெருங்கி ஒண்டிக்கொண்டு. “வாசல்ல யாரோ ஒரு ஆன்ட்டி நிக்கிறாங்க.”

“யாரும் இல்லடா கண்ணா” என்றது அவளுடைய குரல், அவள் குட்டியைத் தூங்க வைக்கிற அதே மெல்லிய குரல். “கண்ண மூடிக்கோ.”

கை மெதுவாக நெற்றியிலிருந்து இறங்கியது. குழந்தை சமர்த்தாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.